சன்னல் வழியே போகும் கோடு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கோரைத்தீவில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை கட்ட வேண்டும் என்று அம்மா முடிவு செய்தாள்.

2. எங்கள் தெருவில் மாடி கட்டினால் கோயில் மறையும், மறைக்கக் கூடாது என்று பழைய பேச்சு ஒன்று உண்டு. அதனால் அப்பா மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார். ஊருக்குப் புதியவரான அவர், அப்படி ஒரு விதி எங்கேயும் இல்லை, ஆண்டவருக்கும் ஆட்சேபம் இருக்காது, தாராளமாகக் கட்டுங்கள் என்றார்.

3. கொத்தனார் சுவர்களை எழுப்பித் தளமும் போட்டார். கடல் பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய சன்னலுக்கு இடம் விட்டார்.

4. மழை தூறிய ஒரு காலையில் அந்தோணி சித்தப்பாவின் வள்ளத்தில் ஜிபிஎஸ் கருவி நனைந்து அணைந்துபோனது. அவர் பழைய வழக்கப்படி கரையைப் பார்த்து வந்தார். வள்ளம் பாரில் ஏறியது. பார் என்பது எங்கள் தீவைச் சுற்றித் தண்ணீருக்கடியில் கிடக்கும் கல்திட்டு. ஆட்களுக்குக் காயமில்லை. வள்ளத்தின் அடிப்பலகை பிளந்தது.

5. கரைக்கு வந்த சித்தப்பா ஈர வேட்டியோடு நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். யாரையும் கூப்பிடவில்லை. மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

6. அப்பா எனக்கு போன் செய்தார்.

ஆறாவதில்தான் நான் வருகிறேன். மாடி அறை விஷயத்தில் டெல்லியில் இருக்கிற பெண்ணுக்கு என்ன வேலை என்று ஊரில் சிலர் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

*

நான் ஓக்லாவில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கைபேசிக் கோபுரங்களில் மத்தளம் போல வட்ட வட்டமாகச் சில தட்டுகள் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கோபுரத்தின் தட்டு இன்னொரு கோபுரத்தின் தட்டை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். நடுவில் கட்டடமோ மரமோ வந்தால் தொடர்பு அறுந்துவிடும். டெல்லியில் எந்தக் கோபுரம் எதைப் பார்க்கிறது, புதிதாக எழும்பும் எந்தக் கட்டடம் எந்தப் பார்வையை மறைக்கப்போகிறது என்று கணினியில் கோடு போட்டுச் சொல்வது என் வேலை. ஊரில் கேட்பவர்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன்.

என் கணவர் சேவியருக்கு மத்திய அரசில் வேலை. ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்பில் இருக்கிறோம். மாலையில் ஓக்லாவில் மெட்ரோ ஏறினால் கொஞ்ச நேரத்தில் ரயில் பூமிக்கடியில் இறங்கிவிடும். அது இறங்குவதற்குச் சற்று முன்னால்தான் அப்பாவின் அழைப்பு வந்தது.

"ஆத்தா, உங்கம்மா கட்டுன ரூம்ல அந்தோணி வள்ளம் முட்டிருச்சு."

கடல் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்கு அது புதிதல்ல. ஒவ்வொரு வடகிழக்கு மழைக்கும் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வரும். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்குவார்கள். மாடி அறையே அதற்காகத்தான். கடல் எதுவரை வந்தது என்று கேட்டேன்.

"கடல் வரலை. வள்ளம் பார்ல கெடந்துச்சு. ஆனா முட்டுனது ரூம்லதான்" என்றார் அப்பா.

அதோடு ரயில் சுரங்கத்துக்குள் போய்விட்டது. ஆர்.கே.புரம் நிலையத்தில் மேலேறி வரும்வரை, ஒரு வள்ளம் எப்படி மாடியில் முட்டும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

*

எங்கள் ஊரைப் பார்க்காதவர்களுக்கு, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அதிகமில்லை.

கடற்கரையில் சங்குக் கிட்டங்கி நிற்கிறது. நிற்கிறது என்றால் ஒரு சுவர் நிற்கிறது. கடலில் மூழ்கிச் சங்கு குளித்த காலத்தில் எடுத்துவந்த சங்குகளைத் தரம் பிரித்து மூட்டையாகக் கட்டிவைத்த இடம். தொழில் போன பிறகு ஒரு புயலில் கூரை போனது, பிறகு ஒவ்வொரு சுவராகப் போனது. கடலைப் பார்த்த முக்கோண நெற்றிச் சுவர் மட்டும் மிச்சம். அதற்குப் பின்னால் எங்கள் நடுத்தெரு. தெருவின் மறுமுனையில் கோயில். நாங்கள் மாதா கோயிலைக் கோயில் என்றே சொல்வோம். பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. மணல் தரை தாங்காது என்று கோபுரம் வைக்கவில்லை. முகப்பின் உச்சியில் கனமான ஒரு காரைச் சிலுவை, அவ்வளவுதான். அக்கரையிலிருந்து வருகிறவர்கள், உங்கள் கோயில் ஏன் இவ்வளவு குட்டை என்று கேட்பார்கள். நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று உண்டு. அது இந்தக் கதையில் வராது.

மூன்று வழக்கங்களைச் சொல்ல வேண்டும். மூன்றையும் பக்தி என்றே நினைத்து வளர்ந்தேன்.

ஒன்று, திருவிழாவுக்கு வெள்ளையடிக்கும்போது முதல் வாளி சுண்ணாம்பு கோயிலுக்கு இல்லை, கிட்டங்கிச் சுவருக்கு. இடிந்த சுவருக்கு எதற்கு வெள்ளை என்று கேட்டால், மாதா முதலில் வந்து இறங்கிய இடம் அதுதான் என்பார்கள். இரண்டு, தீவெல்லாம் தென்னை இருந்தாலும் எங்கள் தெருவில் ஒன்றுகூடக் கிடையாது. திருவிழாவில் மாதா வரும் சப்பரத்தில் தேங்காய் விழக் கூடாதாம். முருங்கை உயர்ந்தாலும் கிளையை வெட்டிவிடுவார்கள். மூன்றாவது, நடுத்தெருவில் மாடி கட்டுவதில்லை. சிலுவையை மறைத்தால் அந்த வீட்டில் யாருக்காவது கண் மங்கும் என்பார்கள். எனக்கு ஒன்பதாம் வகுப்பில் கண்ணாடி போட்டபோது, உங்க அப்பா ரகசியமாக மாடி ஏதும் கட்டினாரா என்று வகுப்பில் கேலி செய்தார்கள்.

அன்று மாலை கணினியைத் திறந்து, எங்கள் தீவின் செயற்கைக்கோள் படத்தை எடுத்துவைத்தேன். டெல்லிக்கு வந்து இத்தனை வருடத்தில் எத்தனையோ ஊர்களின் கூரைகளை மேலிருந்து பார்த்துவிட்டேன். எங்கள் ஊரை வேலைக்காகத் திறந்தது அதுதான் முதல் தடவை. கிட்டங்கிச் சுவரில் ஒரு புள்ளி, கோயில் சிலுவையில் ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்துக் கடலுக்குள் நீட்டினேன். கோடு தெருவின் மேலேயே ஓடி, எங்கள் வீட்டு மொட்டைமாடியைக் கடந்து, கிட்டங்கி நெற்றியைத் தொட்டு, கடலில் பச்சையாகத் தெரிந்த பார் நடுவே நீலமாக இருந்த ஒரு சந்துக்குள் நேராக நுழைந்தது. வள்ளங்கள் உள்ளே வரும் ஒரே வழி அது.

தென்னை இல்லாதது, மாடி இல்லாதது, சுண்ணாம்பு முதலில் போகும் இடம் எல்லாமே அந்த ஒரே கோட்டின் மேல் இருந்தன.

அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அது தெரிந்ததுதானே என்கிற மாதிரி சொன்னார். "சிலுவையைக் கிட்டங்கி நெத்தியில வச்சு வான்னுதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாக. சிலுவை வடக்கே விலகினா நீ தெக்கே வா. பத்து வருசமா எல்லாரும் ஜிபிஎஸ் பாத்து வர்றானுக, யாரு கரையைப் பாக்கிறது?"

பிறகு ஏன் மாடி கட்டும்போது யோசிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"கடல்ல இருந்து நம்ம வீடு தெரிஞ்சதே இல்லை ஆத்தா. தெரியாத வீட்டை எப்படி நெனைக்கிறது?"

அப்பா மட்டுமல்ல, ஊரே அப்படித்தான். கடலிலிருந்து வருகிறவனுக்கு அறை சிலுவையை மறைக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடலில் அது குறி. கரையில் அது மாதாவுக்கான மரியாதை. கடலுக்குப் போகிறவர்கள் குறியை விட்டுவிட்டார்கள். கரையில் இருப்பவர்களிடம் மரியாதை மட்டும் மிஞ்சியது. சாமியார் அதில் சட்டம் எதுவும் இல்லை என்று பார்த்து, நல்ல மனதோடு அனுமதி கொடுத்துவிட்டார்.

*

ஞாயிறு பூசைக்குப் பிறகு படகுச் சங்கம் கூடியது. அப்பா சொல்லி எனக்குத் தெரிந்தது இது.

சிலுவையை மறைத்ததற்கு மாதா கொடுத்த தண்டனை என்று இரண்டொருவர் சொன்னார்கள். தண்டனை மறைத்தவளுக்கு அல்லவா வர வேண்டும், அந்தோணி என்ன செய்தான் என்று வேறு ஒருவர் கேட்கவும் அந்தப் பேச்சு அடங்கியது. சாமியார் எழுந்து, அனுமதி கொடுத்தவன் நான், என்னையும் சேர்த்துத் திட்டுங்கள் என்றார். யாரும் திட்டவில்லை.

அந்தோணி சித்தப்பா அப்பாவின் சிற்றப்பா மகன். அப்பாவின் தோள் கெட்டு, வள்ளத்தை விற்ற பிறகு எங்கள் வீட்டுக் குழம்புக்கு மீன் வருவது அவர் வள்ளத்திலிருந்துதான். அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னது இவ்வளவு.

"மதினி, உங்க ரூம்பு எனக்குப் பகையில்லை. என் வள்ளத்தைப் பலகை மாத்தி ஓட்டிக்கிருவேன். வர்ற மழையில இன்னும் நாலு பேருக்கு மிசினு நனையும். அவுக எதைப் பாத்து வருவாக?"

மழை பிடிப்பதற்கு முன்னால் வேறு வழி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அறையை இடிக்க வேண்டும் என்று முடிவானது. முடிவைச் சொல்லும்போது யாரும் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லையாம்.

அம்மா என்னிடம் பேசும்போது அழவில்லை. அவளுக்கு அந்த அறையில் இரண்டு விஷயம் வேண்டியிருந்தது. ஒன்று, மழைக்காலத்தில் காயும் ஒரு தரை. இன்னொன்றை அதுவரை யாரிடமும் விளக்கமாகச் சொன்னதில்லை. எங்கள் தெரு வீடுகளுக்கெல்லாம் வாசல் தெருவைப் பார்க்கும், அடுப்படி பின்பக்கம். கடல் எந்த வீட்டிலிருந்தும் தெரியாது. அப்பா கடலுக்குப் போன காலமெல்லாம், வள்ளம் வந்துவிட்டதா என்று பார்க்க அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்கு நடப்பாள்.

"நாப்பது வருசம் கடலுக்கு முதுகைக் காட்டியே சமைச்சேன்டி. ஒரு சன்னல்தானே கேட்டேன். அவரு இப்பப் போகலைன்னாலும் போறவுக எல்லாரும் நமக்குத் தெரிஞ்சவுகதானே?"

இரண்டு பேரும் டெல்லிக்கு வந்து மழைக்காலம் முடியும்வரை இருங்களேன் என்றேன். உங்க வீட்டுச் சன்னலில் என்ன தெரியும் என்று கேட்டாள். எட்டிப் பார்த்துச் சொன்னேன், எதிர்க் குடியிருப்பின் கூலருடைய பின்பக்கம் தெரிகிறது. சரி, அதை நீயே பார் என்றாள்.

அப்பா ஒரே ஒரு முறை டெல்லிக்கு வந்திருக்கிறார், என் மகள் ரீனாவின் ஞானஸ்நானத்துக்கு. ஆர்.கே.புரத்தில் ஒரு குடியிருப்பு மாதிரியேதான் மற்றதும் இருக்கும். எண்ணைப் படித்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா எண்ணைப் பார்க்கவில்லை. எங்கள் வாசலிலிருந்து மலை மந்திர் முருகன் கோயிலின் கோபுரமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் எப்படித் தெரிகின்றன என்று முதல் நாளே பார்த்துவைத்துக்கொண்டு, தினமும் பால் வாங்கப் போய் வந்தார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ புகைமூட்டம் இறங்கியது. கோபுரமும் இல்லை, தொட்டியும் இல்லை. சேவியர் தேடிப் போனபோது, வேறொரு செக்டரின் பேருந்து நிறுத்தத்தில் பால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வீட்டுக்கு வந்து மப்ளரை அவிழ்த்துக்கொண்டே கேட்டார், "இந்த ஊர்ல எப்படி மாப்ள வள்ளம் ஓட்டுறாக?"

நாங்கள் பல நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

*

அலுவலகத்தில் இப்படி ஒரு பார்வை மறைந்தால் செய்யக்கூடியவை நான்கு. தட்டை உயர்த்தலாம், நகர்த்தலாம், வேறு கோபுரத்தைப் பார்க்க வைக்கலாம், கட்டடக்காரரோடு பேசலாம். நான்கையும் எங்கள் தீவுக்குப் போட்டுப் பார்த்தேன்.

சிலுவையை உயர்த்தலாம். ஆனால் முகப்பு தாங்காது, மேற்றிராசனத்தில் பிஷப்பிடம் கேட்க வேண்டும், மழை அதற்கெல்லாம் காத்திராது. அறையை நகர்த்தலாம் என்றால் கீழே அந்தச் சுவர்களுக்கு மட்டும்தான் நல்ல அடித்தளம். அறையின் வெளிச்சுவரையே வெள்ளையடித்துப் புதுக் குறியாக்கலாமா என்று பார்த்தேன். இதில்தான் அதிக நேரம் செலவழித்தேன். குறிகள் இரண்டும் தள்ளி இருந்தால்தான் வள்ளம் கொஞ்சம் விலகினாலும் உடனே தெரியும். எங்கள் வீடு கிட்டங்கிக்கு ரொம்பப் பக்கம். வள்ளம் பாரைத் தொட்ட பிறகுதான் விலகியதே தெரியும். கூரையைத் தாழ்த்தலாம். அப்படிச் செய்தால் அதைக் கோழிக்கூடு என்றுதான் சொல்ல முடியும்.

எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்றாவது தெரிந்துகொள்ள உயரங்கள் வேண்டியிருந்தன. அப்பாவும் கொத்தனாரும் தண்ணீர் நிரப்பிய குழாய் மட்டத்தைத் தெரு முழுக்க இழுத்து, கிட்டங்கி நெற்றி, எங்கள் மாடித் தரை, சன்னல் திட்டு, கூரை, சிலுவை என்று ஒவ்வொன்றாக அளந்து சொன்னார்கள். நான் எழுதிக்கொள்ளும்போது பழக்கத்தில் "ஜல்தி சொல்லுங்கப்பா, மீட்டிங் இருக்கு" என்றேன். பின்னாலிருந்து அம்மா, "ஜல்தியாம் ஜல்தி. இங்க ஒரு மனுசன் ஏணியில நிக்கிறாரு" என்றாள்.

வள்ளத்தில் நிற்கும் ஆளின் கண்ணிலிருந்து சிலுவைக்குக் கோடு இழுத்தேன். என் மென்பொருளுக்கு வீடு என்றால் ஒரு கட்டி. செங்கல்லை எடுத்து வைத்த மாதிரி உள்ளே எதுவும் கிடையாது. கோடு கட்டியில் முட்டி நின்றது. எந்த உயரத்தில் முட்டுகிறது என்று பார்த்தேன். அப்பா அனுப்பிய அளவுகளோடு ஒப்பிட்டேன். சன்னல் திட்டுக்கு மேலே, சன்னலின் தலைக்குக் கீழே.

அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வருத்தத்தில் சொல்லிவிட்டேன்.

"கூரையைத் தாழ்த்துனாலும் பிரயோஜனமில்லைம்மா. கோடு ரொம்பக் கீழ போகுது. சரியா உன் சன்னல் வழியாத்தான் போகுது."

 பாத்திரம் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சன்னல் வழியாத்தானே போகுது?" என்றாள். "அப்பப் போகட்டும்."

நான் பின்சுவர் இருக்கிறதே என்றேன். பின்சுவரை யார் கேட்டது என்றாள். கொத்தனாரிடம் காற்றுக்கு எதிரெதிரே இரண்டு சன்னல் வைக்கச் சொல்லியிருந்தாளாம். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி வைக்கலாம் என்று அப்பாதான் அதை அடைக்கச் சொன்னாராம். "உங்கப்பன் தொட்டிக்குத்தான் இவ்வளவு கூத்து" என்று பக்கத்தில் இருந்த அவருக்குக் கேட்கும்படி சொன்னாள்.

மறுபடி கணினியைத் திறந்தேன். வீட்டை ஒரு கட்டியாக வைக்காமல் நான்கு சுவர்களாகப் பிரித்து, முன்சுவரிலும் பின்சுவரிலும் ஓட்டை போட்டேன். கோடு உள்ளே நுழைந்து வெளியே போய்ச் சிலுவையைத் தொட்டது. டெல்லியில் இப்படி ஒரு தீர்வை எழுதிக் கொடுத்தால் மேலாளர் என்னை விடுப்பில் போகச் சொல்வார். வீட்டுக்காரர்கள் எப்போது திரை போடுவார்கள், எப்போது பீரோவை நகர்த்துவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதைச் சங்கத்தில் கேட்டார்கள். அம்மா, திரை போட மாட்டேன், பீரோ வைக்க மாட்டேன், வள்ளம் கடலில் இருக்கும்வரை சன்னல் கதவு சாத்த மாட்டேன் என்று மாதா பெயரைச் சொல்லி ஒத்துக்கொண்டாள். சரி, உடைத்துப் பார்க்கலாம், தெரியவில்லை என்றால் முழுக்க உடைக்கலாம் என்றார் அந்தோணி சித்தப்பா.

*

அந்தச் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. பின்சுவரை முந்திய நாளே உடைத்திருந்தார்கள். அந்தோணி சித்தப்பா பலகை மாற்றிய வள்ளத்தில் அப்பாவை ஏற்றிக்கொண்டு பாருக்கு வெளியே போனார். சங்கத்து ஆட்கள் சிலரும் கூடவே போனார்கள். அப்பா வள்ளத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். அம்மாவைக் கூப்பிடத்தான் நினைத்தாராம், அவள் எடுக்கவில்லை. போனைக் கீழே அடுப்படியில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நான் சேவியரின் போனில் பக்கத்து வீட்டு செல்வி அக்காவைப் பிடித்து, மாடிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். ரீனா சாப்பாட்டு மேசையில் இந்திப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வலது காதில் அப்பா, இடது காதில் செல்வி அக்கா மூச்சு வாங்கப் படியேறும் சத்தம். வள்ளம் நின்ற இடத்திலிருந்து கையை ஆட்டினால் மாடியில் தெரியும். அந்தத் தூரத்துக்குப் பேச்சு ஆர்.கே.புரம் வழியாகப் போய்வந்தது.

"கிட்டங்கி தெரியுது" என்றார் அப்பா. எஞ்சின் சத்தத்தில் கத்தித்தான் பேசினார். "ரூம்பு தெரியுது. இன்னும் தெக்கே போறோம். வருது. வருது ஆத்தா. சன்னலுக்குள்ள சிலுவை நிக்கிது. படம் மாட்டுன மாதிரி நிக்கிது."

 பின்னால் யாரோ, அட ஆமா, என்று சொன்னது கேட்டது. வள்ளத்தை அப்படியே சந்துக்குள் விடப்போவதாக அப்பா சொன்னார். கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும். பிறகு அவர் குரல் மாறியது.

"மறைஞ்சிருச்சு."

சித்தப்பா எஞ்சினை அணைப்பது கேட்டது. வள்ளம் விலகியிருக்குமோ என்று கேட்டேன். இல்லை, கிட்டங்கி நேராகத்தான் இருக்கிறது, சிலுவை மட்டும் இல்லை என்றார். பின்னால் ஒருவர், நான் அப்பவே சொன்னேனே, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று பேச ஆரம்பித்தார். திரையில் அளவுகளை எடுத்துப் பார்த்தேன். எதுவும் தப்பாகத் தெரியவில்லை. அலை ஏற்றமா, அளந்தது தவறா, கொத்தனார் ஓட்டையைச் சரியாக எடுக்கவில்லையா என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் அடித்துக்கொண்டிருந்தேன்.

இடது காதில் செல்வி அக்கா மாடிக்கு வந்துசேர்ந்து, "சித்தி, டெல்லியில இருந்து" என்று சொல்வது கேட்டது. அம்மா போனை வாங்கினாள். மூச்சு வாங்காமல், வெகு நிம்மதியாகப் பேசினாள்.

"நல்லாத் தெரியுதுடி. வள்ளம் முழுசாத் தெரியுது. உங்கப்பா சட்டைகூடத் தெரியுது. ஏன் நடுவுல நின்னுட்டாக?"

"நீ எங்கம்மா நிக்கிற?"

"சன்னல்லதான்."

"நகரும்மா."

"என்னது?"

"சன்னலை விட்டு நகரு. சுவத்தோரமாப் போ."

 வளையல் சன்னல் திட்டில் உரசும் சத்தம் வந்தது. வலது காதில் அப்பா, "நிக்கிது, நிக்கிது, வந்துருச்சு" என்றார். எஞ்சின் மறுபடி ஓடியது. வள்ளம் பாரைத் தாண்டி உள்ளே வரும்வரை இரண்டு போனையும் பிடித்துக்கொண்டிருந்தேன். ரீனா எழுதுவதை நிறுத்திவிட்டு, அம்மாச்சியை ஏன் திட்டினாய் என்று இந்தியில் கேட்டாள். திட்டவில்லை, வழி விடச் சொன்னேன் என்று தமிழில் சொன்னேன். அச்சா என்று திரும்ப எழுதப் போய்விட்டாள்.

கரையேறியதும் அந்தோணி சித்தப்பா மறுபடி எங்கள் வாசலில் வந்து நின்று மாடியைப் பார்த்தாராம். இந்த முறை கூப்பிட்டார். "மதினி, ரூம்பு இருக்கட்டும். நீங்கதான் குறுக்க நிக்கப்படாது."

*

இப்போதைய நிலை இது.

அறை நிற்கிறது. அடுத்த திருவிழா வரைக்கும் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சங்கம் சொல்லியிருக்கிறது. வரும் திருவிழாவுக்கு இரண்டாவது வாளி சுண்ணாம்பு எங்கள் மாடிச் சுவருக்கு. முதலாவது கிட்டங்கிக்குத்தான். அப்பாவின் தண்ணீர்த் தொட்டி கொல்லையில் இருக்கிறது. ஜிபிஎஸ் கருவிகளை எல்லாரும் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

மழை ஒரு தடவை பிடித்து விட்டது. தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்தது. அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, மாடியில் இருந்தார்கள். கடலில் யாரும் இல்லாத நாள் என்பதால் சன்னல்களை அடைத்திருந்தார்கள்.

மற்ற நாட்களில் காலையில் அம்மா மாடிக்குப் போகிறாள். சன்னலுக்குப் பக்கத்தில் சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறாள். அங்கிருந்து கடல் தெரியாது. வள்ளங்கள் ஒவ்வொன்றாக உள்ளே வரும்வரை அதில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறாள். கடைசி வள்ளமும் வந்துசேர்ந்த பிறகு எழுந்து சன்னலில் வந்து நிற்கிறாள்.